கொலையாளி யாரென்று ஊருக்குத் தெரியும்

நெம்மேலியில் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி தங்கைகளில் பாதிப் பேர் காதில் பாட்காஸ்டோடுதான் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துக்காக நிற்கும் நேரத்தில் ஒரு எபிசோட், வேலை முடிந்து திரும்பும்போது இன்னொன்று. கேட்பது பெரும்பாலும் ஒரே வகைக் கதை. முப்பது, நாற்பது ஆண்டுகளாகத் துப்புத் துலங்காத கொலை, கடைசியில் துலங்கியது எப்படி?

இதைக் குறை சொல்ல நாங்கள் எழுதவில்லை. நாங்களும் கேட்கிறோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் 13 பேரைக் கொன்ற ஒருவன் பல பத்தாண்டுகள் சிக்காமல் இருந்தான். பழைய தடயத்தில் இருந்த மரபணுவை வம்சாவளி தேடும் இணையதளத்தில் ஏற்றி, தூரத்து உறவினர்கள் வழியாகக் குடும்ப மரம் வரைந்து, 2018 ஏப்ரலில் அவனைப் பிடித்தார்கள். அவன் முன்னாள் போலீஸ்காரன். இந்தக் கதையை யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கத்தான் தோன்றும்.

போன மாதம் கல்லூரி மாணவியான ஒரு தங்கை கேட்டார்: "நம்ம ஆளுங்க கொலையான கேஸ் எதுவும் ஏன் இந்த மாதிரி வர்றதில்ல?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நம் வழக்குகளில் மர்மம் இல்லை, தங்கச்சி. கொன்றவர் யாரென்று அன்றைக்கே ஊருக்குத் தெரியும், காவல் நிலையத்துக்கும் தெரியும். ஊருக்குத் தெரிந்த அந்த உண்மை அரசாங்கத்தின் காகிதத்தில் ஏறுவதற்குத்தான் இருபது ஆண்டுகள் ஆகின்றன.

கண்ணகி–முருகேசன் வழக்கை எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டம் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி அதே ஊரின் வன்னியர் குடும்பத்துப் பெண். அவர் தந்தை அப்போது ஊராட்சித் தலைவர். 2003 மே 5 அன்று இருவரும் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்தார்கள். தெரிந்த பிறகு தேடிப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலை 8 அன்று, ஊரார் பார்த்திருக்க, மூக்கிலும் காதிலும் நஞ்சு ஊற்றி இருவரையும் கொன்றார்கள். உடல்களைத் தனித்தனியாக எரித்தார்கள். செத்த பிறகும் ஒரே சிதையில் சேர விடவில்லை.

இதில் எதைத் துப்பறிய வேண்டும்? பார்த்தவர்கள் ஊர் நிறைய இருந்தார்கள். முருகேசனின் குடும்பம் காவல் நிலையத்துக்குப் போனது. புகார் ஏற்கப்படவில்லை. ஒரு வாரத்துக்கும் மேல் கழித்துத்தான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதிலும் இரு தரப்புமாகச் சேர்ந்து கொன்றதாக எழுதி, முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகள் ஆக்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் கொலை வழக்கில் எதிரியாக நின்றது.

2004இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அதற்குப் பிறகும் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். மேலவளவு படுகொலை வழக்கை நடத்திய மூத்த வழக்கறிஞர் பொ. இரத்தினமும் அவரோடு நின்ற வழக்கறிஞர்களும், முருகேசனின் குடும்பமும் விடாமல் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் 15 பேரில் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் சகோதரருக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு ஆயுள். அந்த 13 பேரில் இருவர், அன்று விருத்தாசலம் காவல் நிலையத்தில் ஆய்வாளராகவும் உதவி ஆய்வாளராகவும் இருந்தவர்கள். பொய்ச் சான்று புனைந்தது அவர்கள் மீதான குற்றம். 2022இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது.

கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 22 ஆண்டுகள். 2003இல் பிறந்த குழந்தை பட்டம் வாங்கிவிட்டது.

பாட்காஸ்ட் கதையில் போலீஸ்காரர் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுக்கிறார், ஆய்வகம் விடை சொல்கிறது. இந்த வழக்கில் காவல் நிலையமே கோப்பைப் பொய்யாக எழுதியது. அந்தப் பொய்யை உடைப்பதுதான் இங்கே துப்பறியும் வேலையாக இருந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் ஒரு குடும்பமும், அதற்குத் துணை நின்ற வழக்கறிஞர்களும், செய்தியை வெளியே கொண்டுவந்த பத்திரிகைகளும்.

இது நம் நாட்டில் மட்டும் நடக்கிற கதையும் அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸ், 1963 ஜூன் 12 அன்று தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி கிடைத்தது, அதில் கைரேகையும் கிடைத்தது. பைரன் டி லா பெக்வித் என்ற வெள்ளை வெறியன் கைதானான். 1964இல் இரண்டு முறை விசாரணை நடந்தது. இரண்டு முறையும் ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். இரண்டு முறையும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்று எழுந்துபோனார்கள். ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது மாநில அரசின் ஒரு ஆணையமே பெக்வித் தரப்புக்கு ரகசியமாக உதவியதை, 1989இல் ஜெர்ரி மிட்செல் என்ற பத்திரிகையாளர் வெளிக்கொண்டு வந்தார். எவர்ஸின் மனைவி மர்லி விடவில்லை. 1994 பிப்ரவரி 5 அன்று பெக்வித்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கைரேகை 1963இலேயே இருந்தது. அதை ஏற்றுக்கொள்ளும் நீதிமன்றம் வருவதற்கு 31 ஆண்டுகள் ஆயின.

எல்லா வழக்கும் இந்த இடம் வரைகூட வருவதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டன. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலப்பிரபுக்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை அந்தத் தீர்ப்பால் நம்ப முடியவில்லை.

நம் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு வருவோம். நம் செங்கல்பட்டில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்தவை பஞ்சமி நிலங்கள். மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில், கைமாறிப்போன அந்த நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். சுட்டவர்கள் சீருடையில் இருந்தார்கள். இதற்கும் எந்த ஆய்வகமும் தேவைப்படவில்லை.

அறிவியல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் தோழர்கள் வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. பலருக்கு மரபணுப் பரிசோதனை நடத்தினார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை வந்தபோது, அதில் இருந்த மூன்று பேரும் அதே தலித் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். யாருடைய ரத்தத்தை எடுப்பது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை ஆய்வகம் தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்வது?

சட்டத்தைப் படிப்போம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையைச் செய்யாத அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. 14ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலாகி இயன்றவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு கேட்கும் உரிமையைத் தருகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. புகாரை எழுத்தில் கொடுங்கள், தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். புதுக்கூரைப்பேட்டையில் முதல் நாட்களில் எழுதப்பட்ட பொய்தான் அந்தக் குடும்பத்தை இருபது ஆண்டுகள் அலைக்கழித்தது. முதல் நாளின் காகிதம் நம் கையில் இருக்க வேண்டும்.

சாட்சிகளோடு நிற்போம். ஊரில் வேலை கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் எதிர்த்தரப்பாக இருக்கும்போது, ஒருவர் பத்து ஆண்டுகள் ஒரே சொல்லில் நிற்பது லேசான காரியமல்ல. வாய்தாவுக்கு வாய்தா கூடப் போய் வர நாலு பேர் இருந்தால் அவர் நிற்பார்.

கடைசியாக, அந்தத் தங்கையின் கேள்விக்கு எங்கள் வட்டம் எடுத்திருக்கும் முடிவு இது. பாட்காஸ்ட் கேட்கும் அதே போன்களில் பதிவும் செய்யலாம். 1994இல் காரணைக்காகத் திரண்ட கூட்டத்தில் முப்பது வயதில் நின்றவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அன்று யார் எங்கே நின்றார்கள், என்ன முழக்கம் போட்டார்கள், எந்தத் திசையிலிருந்து சுட்டார்கள், நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்கப் போகிறோம். அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்வோம். அடுத்த ஞாயிறு, போனை முழுதாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள்.