தியத்தலாவைக் கைதிகளின் துடுப்பாட்டம்

பண்டாரவளைக்குப் புகையிரதப் பாதை 1894 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு அமைக்கப்பெற்ற இப்பாதை, ஆறாண்டுகளின் பின் எவரும் எதிர்பாராத சுமையொன்றை ஏற்றி வந்தது. தென்னாபிரிக்கப் போரிற் (1899 - 1902) பிரித்தானியரிடம் சிறைப்பட்ட போயர்கள் 1900 ஆகஸ்ட் முதலாக அயலூரான தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். இலங்கைக்கு அனுப்பப்பட்டோர் தொகை ஏறத்தாழ 5000.

நெளிதகரக் கொட்டில்கள், சுற்றிலும் முட்கம்பி வேலி. கைதிகள் நடத்திய பத்திரிகை ஒன்றின் பெயரே ‘முட்கம்பி’ என்பதாம். இவ்வேலிக்குள் அவர்கள் விளையாட்டுக் குழுக்களை அமைத்தனர். அவற்றுட் சிறந்து விளங்கியது துடுப்பாட்டக் குழு. துடுப்பாட்டமோ பகைவனின் ஆட்டம்! 1901 ஜூலை 5, 6 ஆந் திகதிகளில் இக்குழு அனுமதி பெற்றுக் கொழும்பு சென்று, பறங்கியர் பலர் ஆடிய கோல்ட்ஸ் கழகத்தை எதிர்த்தாடி, 141 ஓட்டங்களாற் தோற்றது. ஒல்லாந்த வழிவந்தோர் இரு பக்கத்தும் நின்றமை விந்தையே.

இவ்விடத்து ஐரிஷ் மக்களை ஒப்புநோக்குதல் பொருந்தும். போயருக்குத் துணைநின்று போரிட்ட ஐரிஷ் தொண்டர் படையும் உண்டன்றோ? 1884 இல் அயர்லாந்தின் தேர்ல்ஸ் நகரில் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம், ஆங்கிலேயரின் ஆட்டங்களை ஆடுவோரை நெடுங்காலம் விலக்கி வைத்தது. அத்தடை 1971 இலேயே நீங்கியது. நியூயோர்க்கிற் குடியேறிய ஐரிஷ் தொழிலாளரும் தம் ஹேர்லிங் மட்டையைக் கைவிட்டாரல்லர். ஆட்டத்தைக் காத்தல் அவர்க்கு இனத்தைக் காத்தலாயிற்று.

போயர் அவ்வாறு கருதவில்லை. எனினும் அவர்தம் உணர்வு குன்றிற்று எனல் தவறு. பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்தமையால் தாயகம் திரும்பவியலாது, அம்பாந்தோட்டையிலேயே வாழ்ந்து மடிந்த எங்கெல்பிரெக்ட் என்பாரும் அக்கைதிகளுள் ஒருவரே. யால வனத்தின் முதற் காவலர் அவர்.

கொழும்பு ஆட்டத்தை வேடிக்கைச் செய்தியாகவே குறிப்பிட்டுச் செல்வது வழக்கம். ஆயின் வேலிக்கு வெளியேயும் நோக்குதல் வேண்டும். அதே குன்றுகளிலே, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். துரைமாரின் கழகங்களுள் அவர்கள் பணியாளராகவே நுழைந்தனர். அவர்களைச் சூழ முட்கம்பி இல்லை, ‘துண்டு’ இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்து துண்டு கிடைத்தாலன்றி வேறு தோட்டத்தில் வேலை இல்லை. போர்க் கைதி கொழும்பு சென்று பந்தாடி மீண்ட அந்த ஆண்டில், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டு நீங்கிய தொழிலாளியை 1865 ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்கு அனுப்பவல்லதாயிருந்தது. போயர் 1902 முதலாகப் படிப்படியாகக் கப்பலேறினர். துண்டு முறை ஒழிந்தது 1921 இல்.