குறுந்துப்பாக்கிகளின் சாட்சியம்

பழைய துப்பாக்கியொன்று எந்தப் போரில் வெடித்தது, எவர் கையிலிருந்தது என ஆராய்வது செல்வரின் பொழுதுபோக்கு என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஆனால், அவ்வாராய்ச்சி சரித்திரத்தின் தீர்ப்பையே மாற்றவுங் கூடும். ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்றாகும்.

1868 ஆம் ஆண்டின் லராமிக் கோட்டை ஒப்பந்தம், கருங்குன்றுகள் லக்கோட்டா மக்களுக்கே உரியன என ஒப்புக்கொண்டது. 1874 இல் அங்கே பொன் காணப்பட்டது. ஒப்பந்தம் காற்றிற் பறந்தது. 1876 ஜூன் 25 இல், லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையிலிருந்த அம்மக்களின் குடியிருப்பை லெப்டினன்ட் கேணல் கஸ்டரின் 7 ஆம் குதிரைப்படை தாக்கியது. லக்கோட்டா, செயென் வீரர் அதனை முறியடித்தனர். கஸ்டரும் அவரது அணியிற் சென்ற இருநூறுக்கு மேற்பட்டோரும் மாண்டனர்.

கடைசித் தோட்டாவரை நின்று போராடிய தீரர் என்ற கதை உடனே எழுந்தது. அக்காட்சியைத் தீட்டிய படத்தைப் பியர்க் கம்பனியொன்று 1896 தொடக்கம் தவறணைகள்தோறும் பரப்பியது. களத்தில் நின்ற லக்கோட்டா, செயென் மக்களுட் பலரோ, படையின் ஒழுங்கு விரைவிற் குலைந்தது என்றனர். அவர் சொல்லைச் சரித்திராசிரியர் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை.

1983 இல் காட்டுத்தீ அக்களத்தின் புல்லை எரித்தது. 1984, 1985 ஆம் ஆண்டுகளில் தொல்லியலாளர் உலோகங்காணும் கருவிகளுடன் அங்கு ஆராய்ந்தனர். குதிரைப்படையின் ஆயுதம் 1873 ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்பீல்ட் கார்பைன். ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுடும் குறுந்துப்பாக்கி. சுடும்போது அதன் ஊசி தோட்டாவின் செப்பு உறையில் ஒரு வடுவைப் பதிக்கும். கைரேகை போல் அவ்வடு துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். காவற்றுறையினர் கொலைவழக்கிற் கையாளும் இம்முறையால், ஒரே கார்பைன் எவ்வெவ்விடத்திற் சுட்டது என்பதை உறை உறையாகத் தொடர முடிந்தது. படைப் பதிவேடு சொல்லாததை மண் சொல்லிற்று.

ஓரிடத்தில் உறைகள் ஒழுங்கான இடைவெளியிற் கிடந்தன. அப்பாலோ அவ்வொழுங்கு மறைந்தது. கஸ்டர் வீழ்ந்த மேட்டிற் கிடைத்த கார்பைன் உறைகள் சிலவே. எதிரணியிற் பலர், தொடர்ந்து பல தோட்டாக்களைச் சுடவல்ல ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகளை ஏந்தியிருந்தனர் என்பதும் புலனாயிற்று. தீரமிக்க இறுதி நிலை என்பது கட்டுக்கதையே, படை சிதைந்தே அழிந்தது என 1993 இல் ரிச்சர்ட் பொக்ஸ் எழுதினார். அம்மக்கள் ஒரு நூற்றாண்டாகச் சொல்லிவந்ததும் அதுவே.

கருங்குன்றுகளை அரசு 1877 இற் சட்டமியற்றிப் பறித்தது. அதற்கு நட்டஈடு வழங்கவேண்டும் என 1980 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பத்துக் கோடி டொலருக்கு மேற்பட்ட அத்தொகையை அம்மக்கள் ஏற்க மறுத்தனர். அவர் கேட்பது நிலத்தை.

செப்புத் துண்டு பேசியபின் நம்பிய உலகம், கண்டவர் பேசியபோது ஏன் நம்பவில்லை? சரித்திரம் கற்பிக்கும் நாமும் கற்கும் மாணவரும், ஏட்டைத் திறக்குமுன் இவ்வினாவை எழுப்புதல் வேண்டும்.