ஆசிரியர் இடையில் விலகினால்



ஆண்டின் நடுவில் ஓர் ஆசிரியர் பள்ளியை விட்டு நீங்கினால், முதலிற் கலங்குவோர் பெற்றோரே. நான் தலைமையாசிரியனாய் இருந்த நாட்களில், அத்தகைய செய்தி பரவிய மறுநாளே அவர்கள் என் அறைக்கு வந்துவிடுவர். "பாடம் என்னாவது? பரீட்சை என்னாவது?" என்பர். "பாதியில் விட்டுப் போவது முறையா?" என்று சினப்போரும் உண்டு. "அவர் ஏன் போனார்?" என்று வினவியவர் மிகச் சிலரே. அந்த வினாவின் அருமையை விளக்கும் நிகழ்ச்சிகள் இரண்டு இங்கிலாந்தின் கல்வி வரலாற்றில் உள்ளன. இரண்டும் 1914ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை.

முதலாவது, ஹியர்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் நடந்தது. அங்கே ஆசிரியர்களுக்கு முறையான சம்பள விகிதமே வகுக்கப்படவில்லை. கேட்டுக் கேட்டுப் பயன் காணாத ஆசிரியர்கள், தேசிய ஆசிரியர் சங்கத்தின் துணையோடு கூட்டாக ராஜினாமாச் செய்தனர். பிப்ரவரித் தொடக்கத்தில் 60க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. மாற்று ஆசிரியர் வந்த சில பள்ளிகளில், பிள்ளைகளே அவர்களை ஏற்க மறுத்து ஆரவாரம் செய்தனர். சில வாரங்களில் மாவட்டக் கல்விக் குழு இணங்கிச் சம்பள விகிதத்தை வகுத்தது.

இரண்டாவது, நார்ஃபோக் மாவட்டத்துப் பர்ஸ்டன் என்னும் சிற்றூரில் நடந்தது. இங்கே ஆசிரியர் தாமாக விலகவில்லை, விலக்கப்பட்டனர். 1911இல் தலைமையாசிரியையாக வந்தவர் கிட்டி ஹிக்டன் அம்மையார். அவருடைய கணவர் டாம் ஹிக்டன் துணையாசிரியர். விவசாயக் கூலிகளைச் சங்கமாகத் திரட்டியவர். 1913ஆம் ஆண்டுக் கிராம மன்றத் தேர்தலில் டாமும் தொழிலாளரும் வென்றனர். ஊர்ப் பாதிரியார் தோற்றார். அப்பாதிரியாரே பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர். மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் உடை உலர, அனுமதியின்றித் தீ மூட்டினார் என்று அம்மையார்மீது புகார் எழுந்தது. சிறுமியர் இருவரை அடித்தார் என்பது மற்றொரு குற்றச்சாட்டு; பெற்றோர் அதனை நம்பவில்லை. ஆயினும் இருவரும் வேலைநீக்கம் செய்யப்பட்டனர்.

1914 ஏப்ரல் 1ஆம் நாள், பள்ளியின் 72 பிள்ளைகளில் 66 பேர் வகுப்புக்குள் செல்லாமல் கொடிகளை ஏந்தி ஊர்வலம் வந்தனர். வயலெட் பாட்டர் என்னும் சிறுமி தலைமை தாங்கினாள். அதன்பின் ஊர்ப் பசும்புல் வெளியிலும், பிறகு ஒரு தச்சுப் பட்டறையிலும் ஹிக்டன் தம்பதியர் பாடம் நடத்தினர்.

பெற்றோர் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிக்கு அனுப்பவில்லையென்று நீதிமன்றம் அபராதம் விதித்தது. மாதாகோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த சிலருக்கு, நிலத்தைக் காலிசெய்யுமாறு அறிவிப்பு வந்தது. கூலிக்கு உழைத்த அவ்வேழைகள் அசையவில்லை. தொழிற்சங்கங்கள் நாடெங்கும் நிதி திரட்டின. 1917இல் புதிய பள்ளிக் கட்டிடம் திறக்கப்பட்டது. 1939இல் டாம் மறையும்வரை, 25 ஆண்டுகள் அப்பள்ளி நடந்தது.

பர்ஸ்டன் பெற்றோர் இத்துணை உறுதி காட்டியது ஏன்? தம் பிள்ளை நனைந்து வந்தபோது தீ மூட்டியவர் யார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வயல் வேலைக்காகப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தும் வழக்கத்தை எதிர்த்தவர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவ்வறிவு ஒரு நாளில் பிறந்ததன்று; மூன்றாண்டுப் பழக்கத்தில் விளைந்தது.

இதனால், விலகும் ஆசிரியர் எல்லோரும் நியாயம் உடையவர் என்று நான் சொல்லவரவில்லை. வேறிடத்தில் வசதி கிடைத்ததென்று, ஒரு சொல்லும் சொல்லாமல் வகுப்பைக் கைவிடுவோரும் உண்டு. அவர்மீது பெற்றோர் கொள்ளும் சினம் நேரியதே. காரணம் எதுவாயினும், பிள்ளை இழந்த பாடம் இழந்ததே. ஆதலால்தான் காரணத்தைக் கேட்டறிதல் வேண்டும். சம்பளமா, அவமதிப்பா, அநீதியா என்று அறியாமல் காலியிடத்தை மட்டும் நிரப்பினால், அடுத்து வருபவரும் அதே வாயில் வழியே வெளியேறுவார்.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள்; பலர் பெற்றோராவீர்கள். முன்னவர், விலக நேர்ந்தால் காரணத்தை மறைக்காதிருங்கள். பின்னவர், சினம் கொள்ளுமுன் அதனைக் கேளுங்கள்.