போவாசிச்சி பல்கலைக்கழகப் போராட்டம்

போவாசிச்சி பல்கலைக்கழகப் போராட்டம் என்பது துருக்கியின் இசுதான்புல் நகரில் அமைந்துள்ள போவாசிச்சி பல்கலைக்கழகத்தில், ஆளும் கட்சியோடு தொடர்புடைய ஒருவரைக் குடியரசுத் தலைவர் ரெஜெப் தாயிப் எர்டோகன் நேரடியாகத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியதை எதிர்த்து, 2021 ஜனவரி 4 அன்று மாணவர்கள் தொடங்கிய போராட்டம் ஆகும். பின்னர் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் இதில் இணைந்தனர். சில வாரங்களில் இது துருக்கியின் பல நகரங்களுக்குப் பரவியது. எதிர்க்கப்பட்டவர் ஆறு மாதங்களில் பதவி இழந்தார். எனினும் போராட்டத்தின் அடிப்படைக் கோரிக்கையாகிய தேர்தல் முறை மீண்டும் வரவில்லை.

துருக்கியப் பல்கலைக்கழகத் தலைவர் ரெக்டர் எனப்படுகிறார். தமிழக, இலங்கைப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் ஆற்றும் பணியை ஏறத்தாழ இவர் ஆற்றுகிறார். இக்கட்டுரையில் ரெக்டர் என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

பல்கலைக்கழகம்

போவாசிச்சி என்ற சொல் பொஸ்போரஸ் நீரிணையையும் அதன் கரையோரப் பகுதியையும் குறிக்கும். இப்பெயரின் நடுவில் வரும் 'மெல்லிய கே' என்னும் துருக்கிய எழுத்து தனித்து ஒலிக்காமல் முந்தைய உயிரொலியை நீட்டுவதால், போகாசிசி என எழுதுவதை விடப் போவாசிச்சி என்பதே ஒலிப்புக்கு நெருக்கமானது.

1863 இல் அமெரிக்க வணிகர் கிறிஸ்டோபர் ராபர்ட், சமயப் பரப்புநர் சைரஸ் ஹாம்லின் ஆகியோர் தொடங்கிய ராபர்ட் கல்லூரியிலிருந்து இப்பல்கலைக்கழகம் தோன்றியது. அக்கல்லூரியின் உயர்கல்விப் பிரிவு 1971 இல் துருக்கிய அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, அரசுப் பல்கலைக்கழகம் ஆனது. கற்பித்தல் மொழி ஆங்கிலம். நாடு தழுவிய நுழைவுத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுவோரே இங்கு இடம் பெற முடியும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால், இடம் பெற்ற ஏழை மாணவரும் இங்கே படிக்க இயலும். திரைப்பட இயக்குநர் நூரி பில்கே ஜெய்லான் இங்கு மின்பொறியியல் பயின்றவர். முன்னாள் பிரதமர் அகமது தாவுதோலுவும் இதன் மாணவரே.

துருக்கியில் பல்கலைக்கழகமும் அரசும்

பல்கலைக்கழகங்களில் அரசு தலையிடுவது துருக்கியில் எர்டோகன் காலத்தில் தொடங்கியது அன்று. 1933 இல் பழைய தாருல்புனூன் மூடப்பட்டு இசுதான்புல் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டபோதே பேராசிரியர் பலர் வெளியேற்றப்பட்டனர். 1946 இல் இயற்றப்பட்ட சட்டம் பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி வழங்கியது. ஆனால் 1960 இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் 147 கல்வியாளர்களை ஒரே ஆணையில் நீக்கியது. அவர்கள் பணிக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 1977 இல் அங்காராவின் மத்திய கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அன்றைய கூட்டணி அரசின் ஆதரவுடன் ரெக்டராக்கப்பட்ட ஹசன் தான் என்பவரை எதிர்த்து மாணவர்களும் ஆசிரியர்களும் பல மாதங்கள் புறக்கணிப்பு நடத்தினர். இறுதியில் அவர் பதவி விலக நேர்ந்தது. 2021 நிகழ்வுகளுக்கு மிக நெருங்கிய முன்னோடி இதுவே எனலாம்.

1980 செப்டம்பர் 12 இல் நிகழ்ந்த இராணுவப் புரட்சி பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது. 1981 இல் 2547 ஆம் எண் சட்டத்தின் மூலம் உயர்கல்விக் குழு நிறுவப்பட்டது. துருக்கிய மொழியில் யோக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இக்குழுவின் கீழ் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் கொண்டுவரப்பட்டன. ரெக்டர்களை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது.

1992 இல் இம்முறை ஓரளவு தளர்த்தப்பட்டது. ஆசிரியர்கள் வாக்களித்து ஆறு பெயர்களைத் தெரிவர். அவற்றுள் மூன்றை உயர்கல்விக் குழு தேர்ந்து அனுப்பும். மூவருள் ஒருவரைக் குடியரசுத் தலைவர் அமர்த்துவார். அதிக வாக்குப் பெற்றவரே பதவி பெறுவார் என்பதற்கு இதில் உறுதி இல்லை. ஆயினும் போவாசிச்சியில், வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றவரே ரெக்டர் ஆகவேண்டும் என்ற மரபு வேரூன்றியது. தலைமுக்காடு அணிந்த மாணவியருக்குப் பல்கலைக்கழகங்கள் கதவடைத்த 1990களின் இறுதியில், போவாசிச்சி அத்தடையை ஒப்பளவில் தளர்வாகவே நடைமுறைப்படுத்தியது. இப்பல்கலைக்கழகத்தைச் சமயப் பற்றாளர்களுக்கு எதிரான மேட்டுக்குடிக் கோட்டை என்று பின்னாளில் அரசு ஆதரவாளர்கள் வருணித்ததை மதிப்பிடும்போது இதனையும் நினைவில் கொள்ளவேண்டும்.

தேர்தல் ஒழிப்பு

2016 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில், அப்போதைய ரெக்டர் குலாய் பார்பரோசோலு 86% வாக்குகள் பெற்றார். சில நாட்களில், ஜூலை 15 அன்று, ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி ஒன்று நடந்து தோல்வியுற்றது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதன்கீழ் வெளியான ஆணைகளால் சுமார் 6,000 கல்வியாளர்கள் பணி நீக்கப்பட்டனர். பார்பரோசோலுவின் நியமனம் மாதக்கணக்கில் கையெழுத்தாகாமல் கிடந்தது. அக்டோபர் 29 இல் வெளியான 676 ஆம் எண் ஆணை ரெக்டர் தேர்தலையே ஒழித்தது. நவம்பரில், வாக்கெடுப்பில் போட்டியிடாத மெஹ்மெத் ஓஸ்கான் ரெக்டராக்கப்பட்டார். அவர் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். பார்பரோசோலுவின் கீழ் துணை ரெக்டராக இருந்தவர். அதனால் எதிர்ப்பு எழுந்தபோதிலும் அது நீடிக்கவில்லை.

2018 இல் நாடு குடியரசுத் தலைவர் ஆட்சி முறைக்கு மாறியது. 703 ஆம் எண் ஆணையின்படி, ரெக்டர்களை அமர்த்தும் அதிகாரம் முழுமையாகக் குடியரசுத் தலைவரிடம் சென்றது.

மெலிஹ் புலு நியமனம்

2021 ஜனவரி முதல் இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட நள்ளிரவில், மெலிஹ் புலு ரெக்டராக அமர்த்தப்பட்ட செய்தி அரசிதழில் வெளியாயிற்று. புலு போவாசிச்சியில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றவர் என்றாலும் அங்கு ஆசிரியக் குழுவில் இருந்தவர் அல்லர். நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சியின் சரியெர் மாவட்டக் கிளையை நிறுவியவர்களுள் ஒருவர். 2015 நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளராக விண்ணப்பித்திருந்தார். 1980 புரட்சிக் காலத்துக்குப் பின் பல்கலைக்கழகச் சமூகத்துக்கு வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட முதல் ரெக்டர் இவரே என்று ஆசிரியர்கள் அறிக்கை வெளியிட்டனர். அவருடைய ஆய்வேட்டில் பிறர் எழுத்துகள் மேற்கோள் குறியின்றி எடுத்தாளப்பட்டுள்ளன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. புலு அதனை மறுத்தார்.

தம்மை மாணவர்களுக்கு நெருக்கமானவராகக் காட்ட முயன்ற புலு, தாம் மெட்டாலிக்கா குழுவின் வன்ராக் இசையைக் கேட்பவர் என்று கூறினார். மாணவர்கள் அவரது அலுவலகத்துக்கு வெளியே அதே குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாடலை உரக்க ஒலிக்கச் செய்தனர். அத்தலைப்பின் பொருள் பொம்மைகளை ஆட்டுவிப்பவன் என்பதாகும்.

போராட்டத்தின் போக்கு

ஜனவரி 4 அன்று பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாக வாயிலில் மாணவர்கள் திரண்டனர். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. மாணவர்கள் உள்ளே நுழையாதபடி வளாகத்தின் இரும்புக் கதவுகள் கைவிலங்கு கொண்டு பூட்டப்பட்டன. விலங்கிடப்பட்ட அவ்வாயிலின் ஒளிப்படம் போராட்டத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் மாணவர்களின் வீடுகள் சோதனையிடப்பட்டுப் பலர் கைது செய்யப்பட்டனர். கொரோனாப் பெருந்தொற்றைக் காரணம் காட்டி, வளாகத்தைச் சூழ்ந்த பெசிக்தாஷ், சரியெர் மாவட்டங்களில் கூட்டங்கள் தடை செய்யப்பட்டன.

'ஏற்கமாட்டோம், கைவிடமாட்டோம்' என்பது போராட்டத்தின் முதன்மை முழக்கம். புலுவைக் 'கய்யூம் ரெக்டர்' என்று மாணவர்கள் அழைத்தனர். கய்யூம் என்றால் நீதிமன்றமோ அரசோ அமர்த்தும் பொறுப்பாளர். 2016 முதல், தென்கிழக்குத் துருக்கியில் தேர்ந்தெடுக்கப்பட்ட குர்தியர் நகரத் தந்தையர்களை நீக்கிவிட்டு அரசு தன் அதிகாரிகளை அமர்த்தியபோது இச்சொல் பொதுவழக்கில் பரவியிருந்தது. அதனைத் தங்கள் ரெக்டருக்குச் சூட்டியதன் மூலம் மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் சிக்கலை நாட்டின் பெரிய சிக்கலோடு பொருத்தினர்.

ஆசிரியர்களின் எதிர்ப்பு வேறு வகையில் அமைந்தது. ஒவ்வொரு வேலை நாளும் பகல் 12.15 மணிக்குப் பட்டமளிப்பு அங்கி அணிந்து வளாகப் புல்வெளியில் கூடி, ரெக்டர் அலுவலகக் கட்டடத்துக்கு முதுகு காட்டி அமைதியாக நின்றனர். மழையிலும் பனியிலும் இது தொடர்ந்தது. புலு தமக்குத் துணை ரெக்டர்களாகப் பணியாற்ற ஆட்களைத் தேடியபோது, பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். இறுதியில் ஒப்புக்கொண்ட இருவருள் இயற்பியல் பேராசிரியர் நாஜி இஞ்சி ஒருவர்.

கலைக் கண்காட்சியும் கைதுகளும்

ஜனவரி இறுதியில், போராட்டத்தின் ஒரு பகுதியாக வளாகத்தில் நடந்த கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்ட படம் ஒன்று நிலைமையை மாற்றியது. மக்கா நகரின் கஅபாவைக் காட்டும் அப்படத்தில், பாதி பெண்ணும் பாதி பாம்புமாகிய சாமரான் என்னும் தொன்ம உருவமும், நான்கு மூலைகளில் பால்புதுமையினர் கொடிகளும் இடம்பெற்றிருந்தன. சமய உணர்வைப் புண்படுத்தியதாகக் கூறி மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். இருவர் சிறையில் அடைக்கப்பட்டனர். உள்துறை அமைச்சர் சுலைமான் சொய்லு பால்புதுமையினரை இழித்து எழுதிய டுவிட்டர் பதிவுக்கு அந்நிறுவனம் எச்சரிக்கைக் குறிப்பு இட்டது. பல்கலைக்கழகத்தின் பால்புதுமையினர் மாணவர் மன்றத்தைப் புலு மூடினார். ரெக்டர் நியமனம் பற்றிய விவாதம் இவ்வாறு சமயம், ஒழுக்கம் பற்றிய விவாதமாகத் திருப்பப்பட்டது. ஆயினும் தலைமுக்காடு அணிந்த மாணவியர் பலரும் போராட்டத்தில் தொடர்ந்து பங்கேற்றனர்.

பெப்ரவரி 1 அன்று காவலர்கள் வளாகத்துக்குள் நுழைந்து 159 பேரைக் கைது செய்தனர். காவலர் ஒருவர் மாணவர்களை நோக்கி 'கீழே பார்' என்று அதட்டியதை அடுத்து, 'கீழே பார்க்கமாட்டோம்' என்பது புதிய முழக்கம் ஆயிற்று. மறுநாள் இசுதான்புல்லின் ஆசியக் கரையிலுள்ள கடிகோயிலும், தொடர்ந்து அங்காரா முதலிய நகரங்களிலும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பெப்ரவரி தொடக்கத்தில், 38 நகரங்களில் கைதானோர் தொகை 560 ஐத் தாண்டியிருந்தது. பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர், எனினும் கூட்டங்கள், ஆர்ப்பாட்டங்கள் பற்றிய 2911 ஆம் எண் சட்டத்தின் கீழ் பலர் மீது வழக்குகள் தொடரப்பட்டன.

எர்டோகன் போராட்டக்காரர்களைப் பயங்கரவாதிகளோடு ஒப்பிட்டுப் பேசினார். மாணவர்கள் அவருக்கு எழுதிய திறந்த மடலில், அவர் சுல்தான் அல்லர் என்றும் தாங்கள் அவருடைய குடிபடைகள் அல்லர் என்றும் குறிப்பிட்டனர். ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகமும் அமெரிக்க வெளியுறவுத் துறையும் கைதுகள் குறித்துக் கவலை தெரிவித்தன. துருக்கி அரசு இவற்றை உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு என ஒதுக்கியது.

புதிய புலங்கள்

பெப்ரவரி 6 அன்று, குடியரசுத் தலைவரின் ஆணையால் போவாசிச்சியில் சட்டப் புலமும் தொடர்பியல் புலமும் தொடங்கப்பட்டன. பல்கலைக்கழகம் இவற்றைக் கேட்கவில்லை. ஆட்சிப் பேரவையில் விவாதிக்கவும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரு புலங்கள் கூடுவது நன்மை போலத் தோன்றும். ஆனால் புதிய புலம் என்றால் புதிய முதன்மையர், புதிய ஆசிரியர்கள், பேரவையில் புதிய வாக்குகள் என்று பொருள். ரெக்டரோடு ஒத்துழைக்க மறுக்கும் பேரவையின் பெரும்பான்மையை மாற்றவே இவை உருவாக்கப்பட்டன என ஆசிரியர்கள் கூறினர். கைதுகள் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டாலும், நிறுவனத்தின் அமைப்பை நிலையாக மாற்றியது இந்த ஆணையே.

புலு நீக்கமும் பின்னரும்

நெருக்கடி ஆறு மாதங்களில் முற்றாகத் தீர்ந்துவிடும் என்று புலு பெப்ரவரியில் ஒரு பேட்டியில் கூறியிருந்தார். 2021 ஜூலை 15 அன்று அரசிதழில் வெளியான ஆணையால் அவரே நீக்கப்பட்டார். காரணம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. துணை ரெக்டர் இஞ்சி தற்காலிகப் பொறுப்பேற்றவுடன், போராட்டத்தை ஆதரித்தும் ஆவணப்படுத்தியும் வந்த ஆவணப்பட இயக்குநரும் விரிவுரையாளருமான ஜான் ஜான்தானைப் பணியிலிருந்து நீக்கினார். ஆசிரியர்கள் தாங்களாகவே நடத்திய வாக்கெடுப்பில், இஞ்சி ரெக்டராவதை 95% பேர் எதிர்த்தனர். ஆகஸ்டில் எர்டோகன் அவரையே ரெக்டராக்கினார். புலுவுக்கு எதிராகச் சொல்லப்பட்ட 'வெளியாள்' என்ற காரணம் இஞ்சிக்குப் பொருந்தாது. எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. தேர்தல் இன்றி அமர்த்துவதே சிக்கல் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் கூறினர்.

அக்டோபரில் இஞ்சியின் வாகனத்தை மாணவர்கள் மறித்த நிகழ்வில் இருவர் சிறையிலடைக்கப்பட்டு, 2022 ஜனவரியில் விடுவிக்கப்பட்டனர். அதே ஜனவரியில், சக ஆசிரியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த முதன்மையர் மூவர் பதவி நீக்கப்பட்டனர். புல்வெளியில் முதுகு காட்டி நிற்கும் நிகழ்வு அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

2024 ஜூன் 4 அன்று வெளியான தீர்ப்பில், துருக்கிய அரசியலமைப்பு நீதிமன்றம் 703 ஆம் எண் ஆணையின் பல பிரிவுகளை, ரெக்டர் நியமனப் பிரிவு உட்பட, நீக்கியது. இவ்வகைப் பொருள்களை ஆணையால் அன்றி நாடாளுமன்றச் சட்டத்தாலேயே ஒழுங்குபடுத்த இயலும் என்பது தீர்ப்பின் அடிப்படை. நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்ற 12 மாத காலம் வழங்கப்பட்டது. ரெக்டர்களைக் குடியரசுத் தலைவர் தேர்ந்து அமர்த்துவார் எனக் கூறும் அரசியலமைப்பின் 130 ஆம் உறுப்பை இத்தீர்ப்பு தொடவில்லை.