நாய்ச்சொறி: ஒரு நோயின் வரலாறு

நாய்ச்சொறி என்பது நாயின் தோலைத் தாக்கி, மயிரை உதிரச் செய்து, தீராத அரிப்பை உண்டாக்கும் நோயாகும். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட உரோமானிய வேளாண் நூலிலேயே இதற்கு மருந்து சொல்லப்பட்டுள்ளது. ஆனால் சொறியின் காரணம் ஐயமின்றி நிறுவப்பட்டது 19ஆம் நூற்றாண்டில்தான். எளிதாகக் குணப்படுத்தும் மருந்துகள் வந்ததோ 20ஆம் நூற்றாண்டின் இறுதியில். இடைப்பட்ட காலம் முழுவதும் நோய்க்கான பழி நாயின் மேலேயே விழுந்தது. அதன் இரத்தம் கெட்டது என்றார்கள், பிறவி கெட்டது என்றார்கள். தமிழில் 'சொறிநாய்' என்ற சொல் இன்றும் வசையாகவே வழங்குகிறது.

நோயின் வகைகள்

சொறி என்ற ஒரே பெயரால் பல நோய்கள் அழைக்கப்படுகின்றன. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. இரண்டையும் உண்டாக்குபவை சிலந்தி, உண்ணி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த, எட்டுக் கால்களை உடைய நுண்ணிய உயிர்கள். இவற்றைச் சிற்றுண்ணிகள் எனலாம்.

முதலாவது சார்கோப்டிஸ் சொறி. இதன் பெண் சிற்றுண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் போலத் துளைத்துச் சென்று முட்டையிடும். முட்டை முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும். காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, வயிறு ஆகிய இடங்களில் அரிப்பு முதலில் தெரியும். இது நாயிலிருந்து நாய்க்கு விரைவாகப் பரவும். நெருங்கிப் பழகும் மனிதருக்கும் சில நாட்கள் அரிப்பைத் தரும். ஆனால் நாய்க்குரிய சிற்றுண்ணி மனிதத் தோலில் நிலையாகப் பெருகுவதில்லை.

இரண்டாவது டெமோடெக்ஸ் சொறி. இந்தச் சிற்றுண்ணி சுருட்டு வடிவில் மயிர்க்காலுக்குள் வாழ்கிறது. நலமான நாய்களின் தோலிலும் சிறிய எண்ணிக்கையில் இருக்கும். பிறந்த சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேர்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போது பெருகி நோயாகிறது. இது மனிதருக்குப் பரவாது.

இவை தவிரப் பூஞ்சையால் வரும் படர்தாமரை, தெள்ளுப்பூச்சிக் கடியால் வரும் ஒவ்வாமை, மகரந்தம், தூசு முதலியவற்றால் வரும் ஒவ்வாமை ஆகியனவும் உண்டு. வெறுங்கண்ணுக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். நாய்ச்சொறியின் வரலாற்றில் நேர்ந்த குழப்பங்களில் பாதிக்கு இந்த ஒற்றுமையே காரணம்.

பழங்கால மருத்துவம்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் நாய்க்கு வரும் நோய்கள் என மூன்றை மட்டுமே குறிப்பிட்டார். அவை வெறிநோய், தொண்டை அடைப்பு, கால் வீக்கம் ஆகியன. தோல் நோய் அந்தப் பட்டியலில் இல்லை.

உரோமானியர்கள் தொழுவத்தையும் பட்டியையும் நேரில் கவனித்து எழுதியவர்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேட்டோ, ஆட்டுச் சொறிக்கு ஒலிவ எண்ணெய் பிழிந்தபின் தங்கும் கசடு நீரைப் பூசச் சொன்னார். கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா தம் வேளாண் நூலின் ஏழாம் பகுதியில் நாய்க்கென்றே மருந்துகளை எழுதினார். ஜிப்சத்தையும் எள்ளையும் சம அளவில் அரைத்து, உருகிய கீலில் கலந்து சொறி பிடித்த இடத்தில் பூச வேண்டும். நோய் கடுமையானால் தேவதாரு எண்ணெய் பூச வேண்டும். தெள்ளுப்பூச்சிக்குச் சீரகத்தையும் ஹெல்லெபோர் என்னும் நச்சுச் செடியையும் சேர்த்து அரைத்துத் தடவ வேண்டும். ஈ கடித்துக் காது புண்ணாகாமல் இருக்கக் கசப்பு வாதுமையை அரைத்துத் தேய்க்க வேண்டும்.

காரணம் தெரியாத நிலையிலும் இந்த மருந்துகளில் ஓரளவு பொருள் இருந்தது. எண்ணெயும் கீலும் தோலின் மேல் படலமாகப் படிந்து பூச்சிகளைத் திணறச் செய்யக்கூடியவை. ஆயினும் நாய் தன் உடலை நக்கும் விலங்கு. பூசிய மருந்து வயிற்றுக்குள்ளும் போய்விடும். ஹெல்லெபோர் போன்றவை பூச்சியோடு நாயையும் வருத்தியிருக்கும். இந்தச் சிக்கல் பின்வந்த காலம் முழுவதும் தொடர்ந்தது.

இடைக்கால வேட்டைக்கூடங்கள்

இடைக்கால ஐரோப்பாவில் வேட்டை நாய்களைப் பிரபுக்கள் பெருங்கூட்டமாக வளர்த்தனர். ஒரே கூடத்தில் பல நாய்கள் படுத்ததால் சொறி பரவுவது எளிதாயிற்று. பிரான்சின் ஃபுவா பகுதியை ஆண்ட கஸ்தோன் ஃபெபு 1387ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய வேட்டை நூலில் நாய்ச்சொறியை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மருந்து கூறினார். இந்நூல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யார்க் கோமகன் எட்வர்டால் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது.

ஃபெபுவின் மருந்துகளைவிட அவர் சொன்ன பராமரிப்பு முறை பயனுள்ளது. நாய்க்கூடத்தின் பின்புறம் வெயில் நன்றாக விழும் புல்வெளி இருக்க வேண்டும். கூடத்தை நாள்தோறும் பெருக்கிப் புது வைக்கோல் போட வேண்டும். நாயின் உடலை வைக்கோலால் தேய்த்துவிட வேண்டும். பழைய படுக்கையை அகற்றுவதும் உடலைத் தேய்க்கும்போது தோலைப் பார்த்துக்கொள்வதும் இன்றைய மருத்துவரும் சொல்லும் அறிவுரைகளே.

நுண்ணோக்கி காட்டிய உயிர்

சொறிக்கு ஒரு சிற்றுயிர் தொடர்புடையது என்ற குறிப்பு 12ஆம் நூற்றாண்டில் செவீயா நகரில் வாழ்ந்த மருத்துவர் இப்னு சுஹ்ரின் எழுத்திலேயே உண்டு. ஆனால் அதுவே நோய்க்குக் காரணம் என்பது அப்போது நிலைபெறவில்லை.

இத்தாலியின் லிவோர்னோ நகரில் மருத்துவர் ஜொவான்னி கோசிமோ பொனோமோவும் மருந்து வணிகர் தியாசின்தோ செஸ்தோனியும் சேர்ந்து இதை ஆராய்ந்தனர். ஏழைத் தாய்மார் தம் பிள்ளைகளின் சிரங்கிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்துப் போடுவதைக் கண்டு, அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர். அந்த உயிரே சிரங்குக்குக் காரணம் என்றும், உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தைவிட மேற்பூச்சே பயன் தரும் என்றும் 1687இல் வெளியிட்டனர். தாய்மார் முன்பே கண்டிருந்ததை அறிஞர் உலகம் ஏற்றுக்கொள்ள மேலும் 150 ஆண்டுகள் ஆயின. உடலிலுள்ள நீர்களின் சமநிலை குலைவதே நோய் என்ற பழைய கோட்பாடு அவ்வளவு வலுவாக இருந்தது.

1834இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் கோர்சிகாவைச் சேர்ந்த மாணவர் ரெனூச்சி, நோயாளியின் தோலிலிருந்து சிற்றுண்ணியை எடுத்துப் பலர் முன்னிலையில் காட்டினார். அத்துடன் ஐயம் தீர்ந்தது. 1842இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்தாவ் சைமன் மனிதரின் மயிர்க்காலில் வாழும் மற்றொரு சிற்றுண்ணியை விளக்கினார். 1843இல் ரிச்சர்ட் ஓவன் அதற்கு டெமோடெக்ஸ் என்று பெயரிட்டார். நாய்க்குரிய வகைக்கு 1859இல் லெய்டிக் தனிப் பெயர் சூட்டினார். அதே காலத்தில் பாரிஸில் டேவிட் க்ரூபி படர்தாமரைக்குப் பூஞ்சையே காரணம் என்று நிறுவினார். நாய், பூனைகளிடம் அதை உண்டாக்கும் முதன்மையான பூஞ்சைக்கு 1902இல் பெயரிடப்பட்டது.

'கெட்ட இரத்தம்' என்ற கருத்து

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1760களின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரில் ஏற்பட்டது. ஆனால் அக்காலக் கால்நடை மருத்துவத்தின் கவனம் குதிரையிலும் மாட்டிலுமே இருந்தது. நாய்க்கென்று எழுதியவர்கள் சிலரே. இலண்டனில் டெலபெர் பிளெய்ன் 1817இல் நாய் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். அவருடன் பணியாற்றிய வில்லியம் யூவாட் 1845இல் நாயைப் பற்றி மற்றொரு நூலை வெளியிட்டார்.

சிற்றுண்ணி கண்டறியப்பட்ட பின்பும் நாய் வளர்ப்போரிடையே பழைய எண்ணம் மாறவில்லை. சொறி பரம்பரையாக வருவது, மிகுந்த தீனியாலும் சூட்டாலும் இரத்தம் கெட்டு வருவது என்று நம்பினர். எனவே பேதி மருந்து கொடுத்தனர், இரத்தம் வடித்தனர். மேலுக்குக் கந்தகம், பன்றிக் கொழுப்பு, கீல், புகையிலை நீர், பாதரசக் களிம்பு ஆகியவற்றைப் பூசினர். பாதரசத்தை நக்கிய நாய்கள் நஞ்சேறித் துன்புற்றன. இப்பட்டியலில் கந்தகம் மட்டும் காலத்தை வென்றது. சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசல் இன்றும் கால்நடை மருத்துவத்தில் பயன்படுகிறது.

ஆயுதமாக்கப்பட்ட சொறி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கால்நடைகளைக் கொல்லும் ஓநாய்களையும் கொயோட்டிகளையும் ஒழிக்க அரசு ஒரு வழியை மேற்கொண்டது. அவற்றைப் பிடித்து, வேண்டுமென்றே சொறி பற்றச் செய்து, கூட்டத்துடன் சேரும்படி திரும்ப விட்டனர். மயிர் உதிர்ந்த விலங்கு மொன்டானாவின் பனிக்காலத்தைத் தாங்காது என்பதே கணக்கு. நோயைக் குணப்படுத்தத் தெரியாத காலத்திலேயே அதைப் பரப்பத் தெரிந்திருந்தது. அருகிலுள்ள யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1990களில் மீண்டும் குடியேற்றப்பட்ட ஓநாய்களிடம் 2007இல் இந்தச் சொறி காணப்பட்டது.

சொறியால் ஒரு விலங்குக் கூட்டம் எவ்வளவு அழியும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர் ஓர் எடுத்துக்காட்டு. 1990களின் நடுவில் அந்நகரில் வாழ்ந்த நரிகளில் பெரும்பாலானவை இந்நோயால் மடிந்தன.

நவீன மருந்துகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி, லிண்டேன் போன்ற பூச்சிக்கொல்லிகள் நாயின் உடலிலும் பயன்படுத்தப்பட்டன. பூச்சிகள் செத்தன. ஆனால் இவை நரம்பைத் தாக்கும் நஞ்சுகள் என்பதும், மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் தங்குபவை என்பதும் பின்னர் தெளிவாயின. லிண்டேன் 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1980களில் அமிட்ராஸ் என்னும் குளியல் மருந்து வந்தது. உடல் முழுதும் பரவிய டெமோடெக்ஸ் சொறி தீராத நோய் எனக் கருதப்பட்டு, நாயைக் கருணைக் கொலை செய்யும் வழக்கம் அதுவரை இருந்தது.

பெரிய திருப்பம் ஜப்பானிய மண்ணிலிருந்து வந்தது. 1970களில் சதோஷி ஓமுரா, இட்டோ நகரின் கவானா பகுதியில் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பலின் குழு, அந்த நுண்ணுயிர் சுரக்கும் பொருள் ஒட்டுண்ணிகளைக் கொல்வதைக் கண்டறிந்தது. அதிலிருந்து உருவான ஐவர்மெக்டின் 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. 2015இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்த மருந்தும் எல்லா நாய்க்கும் பாதுகாப்பானதன்று. கோலி இன நாய்கள் பல, மற்ற நாய்கள் தாங்கும் அளவிலேயே வலிப்பு கண்டு இறந்தன. மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் மரபணுவில் உள்ள குறையே காரணம் என்று 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

2013க்குப் பின் ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சாரோலானர் முதலிய வாய்வழி மருந்துகள் வந்தன. தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் உருவாக்கப்பட்ட இவை இருவகைச் சொறியையும் குணப்படுத்துகின்றன. வலிப்பு நோயுள்ள நாய்களுக்கு மட்டும் கவனத்துடன் தர வேண்டும்.

ஒவ்வாமையும் தனித்துறையும்

பூச்சியே இல்லாமல் அரிக்கும் நாய்களின் புதிரும் இதே நூற்றாண்டில் விடுபட்டது. மகரந்த ஒவ்வாமை நாய்க்கும் வரும் என்பதை 1941இல் விட்டிச் என்னும் அமெரிக்க மருத்துவர் விளக்கினார். 1969இல் முல்லர், கிர்க் ஆகிய இருவரும் நாய், பூனைகளின் தோல் நோய்களுக்கென்றே எழுதிய பாடநூல் வெளிவந்தது. கால்நடைத் தோல் மருத்துவம் தனித்துறையாக வளர அது துணை செய்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், மஞ்சள் ஆகியவை வீட்டு மருந்துகளாக நெடுங்காலம் வழங்கி வருகின்றன. சென்னை வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது.

ஆனால் தெருநாயின் சொறிக்கு மோட்டார் வண்டிப் பட்டறையின் கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் இன்றும் பல ஊர்களில் உள்ளது. இரக்கத்தால் செய்வோரும் உண்டு. கொலுமெல்லாவின் கீலைப் போல ஆயிலும் படலமாகப் படிகிறது என்பதால் சில நாட்கள் அரிப்புக் குறைந்ததாகத் தோன்றலாம். ஆனால் எஞ்சினில் எரிந்த ஆயிலில் உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் இருக்கும். புண்பட்ட தோல் வழியாகவும் நக்கும் நாக்கின் வழியாகவும் அவை உடலில் சேர்ந்து கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மண்ணெண்ணெயும் அவ்வாறே தோலைப் பொசுக்கும்.

இன்று தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து நோயின் வகையை அறியலாம். சார்கோப்டிஸ் சில சமயம் சுரண்டலில் அகப்படாது. அப்போது அறிகுறிகளைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு, எடைக்கேற்ற மாத்திரையை வாங்கி உணவில் வைத்துக் கொடுத்தால், பிடிக்க முடியாத தெருநாய்க்கும் மருத்துவம் செய்யலாம். மயிர் மீண்டும் வளரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும்.

ஊசிமுனை அளவே உள்ள ஓர் உயிர் செய்யும் நோய்க்காகப் பல நூற்றாண்டுகள் நாயின் இரத்தமும் பிறவியும் பழிக்கப்பட்டன. காரணம் தெரிந்து ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆகின்றன, மருந்தும் கையில் உள்ளது. கல்லெறிந்து விரட்டப்படும் நாய்களில் பல, மருந்து கிடைத்தால் சில மாதங்களில் மற்ற நாய்களைப் போலவே ஆகிவிடக்கூடியவை.