முட்டியிலிருந்து நீல டிரம் வரை

பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு வர்ற தம்பிகள், தங்கச்சிகள் இப்போ அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. வீட்டில் வினிகர், கொம்புச்சா, இஞ்சிப் பானம் என்று ஏதாவது புளிக்க வைக்கிறார்கள். "அண்ணா, நீங்க பஞ்சகவ்யம் எல்லாம் போடறீங்களே, இதுக்கு பிளாஸ்டிக் வாளி நல்லதா, கண்ணாடி ஜாடி நல்லதா?" என்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பாத்திரக் கேள்விக்குப் பின்னால் நம்ம ஊர் சரித்திரமே இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

முதலிலேயே ஒண்ணு சொல்லிடறேன். நம்ம மாநிலத்தில் வீட்டில் சாராயமோ கள்ளோ தயாரிப்பது குற்றம். நான் சொல்வது பாத்திரத்தின் கதை, அதைச் செய்யச் சொல்லும் கதை இல்லைங்க.

மண் பாத்திரத்தில் இருந்து ஆரம்பிப்போம். பனை மரத்தில் பாளையைச் சீவி, அதில் சின்ன மண்பானையைக் கட்டி விடுவார்கள். எங்கள் கொங்குப் பக்கம் அதை முட்டி என்போம், தெக்கே கலயம் என்பார்கள். மண்ணுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதன் வழியே ஈரம் கசிந்து ஆவியாகிறதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதே துளைகளில்தான் நேற்று ஊறிய கள்ளின் நுண்ணுயிர்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டியை எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது. புதுச்சாறு சொட்டச் சொட்ட அது வேலையை ஆரம்பித்துவிடும். மரத்திலிருந்து இறக்கும்போதே பாதி புளித்திருக்கும். யாரும் தனியாக உறை ஊற்ற வேண்டியதில்லை, பானையே உறை.

புளிக்கக் கூடாது என்றால்? முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பின் காரத்தில் அந்த நுண்ணுயிர்களால் வேலை செய்ய முடியாது. அப்படி இறக்கினால் அது தெளுவு, மற்ற ஊர்களில் பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரே மரம், ஒரே பாளை, ஏறுகிற ஆளும் ஒருத்தர்தான். பானையின் உட்சுவர் மட்டும்தான் வித்தியாசம். மதுவிலக்கு வந்த பிறகு சட்டமும் அந்த உட்சுவரைத்தான் பார்த்தது. புளிக்காதபடி பக்குவம் செய்த பானையில் இறங்கினால் பதநீர், இல்லாவிட்டால் கள். ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு ஒருத்தரைத் தொழிலாளியாகவும் ஆக்கும், குற்றவாளியாகவும் ஆக்கும்.

மண்பானைக்கு உள்ளே பூசுவது ரொம்பப் பழைய வித்தை. புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த கூர் அடி ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. திராட்சை மது கப்பலில் வந்தது அந்த மாதிரி ஜாடிகளில்தான். மண் கசியாமல் இருக்க உள்ளே பிசின் பூசுவது அவர்கள் வழக்கம். அங்கே பிசின், இங்கே சுண்ணாம்பு. சங்கப் பாட்டுகளில் மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேறல் பற்றியும் வருகிறது. கையில் கிடைத்த பாத்திரத்துக்குத் தகுந்த பானம், அவ்வளவுதான்.

கண்ணாடி வந்து இரண்டு விஷயங்களை மாற்றியது. ஒன்று, உள்ளே நடப்பதைப் பார்க்க முடிந்தது. பிரான்சில் லூயி பாஸ்டர் 1850-களிலும் 60-களிலும் கண்ணாடிக் குடுவைகளை வைத்துத்தான், புளிப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டினார். திராட்சை மதுவை மிதமாகச் சூடாக்கினால் கெடாமல் நிற்கும் என்றும் கண்டுபிடித்தார். இன்னொன்று, கண்ணாடிக்குத் துளை இல்லை. காற்று உள்ளே போகாது, பழைய வாசனை தங்காது. ஆனால் அதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. புளிக்கும்போது வாயு வரும், மூடி இறுகியிருந்தால் வெடிக்கும். ஷாம்பெயின் செய்த ஊரில் ஒரு பாட்டில் வெடித்தால் பக்கத்துப் பாட்டில்களும் சேர்ந்து வெடிக்கும். அந்த நிலவறைகளில் வேலை செய்தவர்கள் முகத்தில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு நடந்தார்கள். எவ்வளவு சர்க்கரை இருந்தால் பாட்டில் தாங்கும் என்று கணக்குப் போடும் முறை 1836-ல்தான் வந்தது.

இங்கேதான் நம்ம கதை திரும்புகிறது. மண்முட்டியில் இறங்கிய கள் காத்திருக்காது. காலையில் இனிப்பு, சாயங்காலம் காரம், மறுநாள் புளிப்பு. அதனால் அது அன்றைக்கே, நடந்து போகிற தூரத்தில் விற்றாக வேண்டும். மரத்துக்காரர், மரமேறுகிறவர், பானை வனைகிறவர் எல்லோரும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே இருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மரத்தை எண்ணி வரி போட்டார்கள், கடையை ஏலம் விட்டார்கள். ஆனாலும் சரக்கு ஊரை விட்டுப் போகவில்லை. காய்ச்சி வடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்த மது அப்படி இல்லை. அது வருஷக்கணக்காகக் காத்திருக்கும், லாரியில் ஏறும், ஒவ்வொன்றையும் எண்ணி முத்திரை ஒட்டலாம்.

தேதிகளைப் பாருங்கள். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் தளர்த்தினார்கள், 1974-க்குள் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மறுபடி மூடின. 1981-ல் திரும்பத் திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ல் இரண்டையும் மூடினார்கள், கள்ளுக்கு அந்தத் தடை இன்றைக்கும் இருக்கிறது. 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003-லிருந்து பாட்டில் மதுவைச் சில்லறையாகவும் விற்கிறது. கள் குடித்துக் குடும்பம் கெட்டதும் உண்மை, கள்ளில் கண்டதைக் கலந்ததும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் மரத்தில் கட்டிய பானை குற்றமானது, பாட்டில் அரசாங்கக் கடைக்குப் போனது. இதில் பாத்திரத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். காத்திருக்கத் தெரிந்த பாத்திரம்தான் வியாபாரத்தில் ஜெயிக்கும்.

கள்ளைக் கண்ணாடிக்குள் கொண்டுவரவே முடியாதா என்றால், முடியும். யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கின்றன. பாஸ்டரின் பழைய வித்தைதான், சூடாக்கினால் புளிப்பு நிற்கும். மரமேறுகிறவர்களின் சங்கமே அதைச் செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடைசியாக வந்தது பிளாஸ்டிக். பாலித்தீனை 1933-ல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டார்கள். இப்போது டிரம் செய்கிற கெட்டியான வகைக்கு 1953-ல் ஜெர்மனியில் கார்ல் ஜீக்லர் வழி கண்டார். உடையாது, கனம் இல்லை, விலையும் குறைவு. இன்றைக்கு அது மரத்தின் உச்சிக்கே போய்விட்டது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னைச் சாறு இறக்க ஒரு குளிர்பெட்டி செய்திருக்கிறது. பிளாஸ்டிக் குழாய்க்குள் ஐஸ் கட்டி, நடுவே உணவுக்கான பாலித்தீன் பை. சுண்ணாம்பே வேண்டாம், குளிரிலேயே சாறு புளிக்காமல் நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் தினமும் ஐஸ் வேணும், அதுக்குக் கரண்டும் வண்டியும் வேணும். முட்டிக்கு வேண்டியது களிமண்ணும் ஒரு குயவரும்தான்.

சரி, இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். எதுக்குப் பயப்படுகிறோமோ அதை வைத்துப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சுத்தத்துக்கும் காற்றுக்கும் பயந்தால் கண்ணாடி. நாலைந்து லிட்டர் வரைக்கும், மாதக்கணக்கில் வைக்கிற எதற்கும் அதுதான் சரி. வினிகர் மாதிரி புளிப்பு ஏறும் சரக்கு கண்ணாடியையும் பீங்கான் ஜாடியையும் ஒன்றும் செய்யாது. வெயில் படாமல் வையுங்கள். புளித்துக்கொண்டிருக்கும் எதையும் இறுக்கி மூடாதீர்கள். வினிகருக்குக் காற்றும் வேண்டும், வாய் அகன்ற ஜாடியில் துணி கட்டினால் போதும்.

உடைசலுக்கும் கனத்துக்கும் பயந்தால் பிளாஸ்டிக். எங்கள் பஞ்சகவ்யம் 200 லிட்டர் நீல டிரம்மில்தான் ஊறுகிறது. தினம் இரண்டு வேளை கோல் போட்டுக் கலக்கணும், கண்ணாடியில் அது நடக்கிற காரியமா? ஆனால் பிளாஸ்டிக் வழியே காற்று மெதுவாக உள்ளே போகும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலுக்குள் கிருமி குடியேறிவிடும். வாயில் வைக்கிற பண்டத்துக்கு என்றால் உணவுக்கான புது வாளியே வாங்குங்கள். ரசாயனம் வந்த பழைய டிரம் வேண்டவே வேண்டாம், எத்தனை கழுவினாலும் நம்ப முடியாது. பித்தளை, செம்பு, அலுமினியம் பக்கம் புளிப்பைக் கொண்டு போகாதீர்கள்.

மண்ணை நான் மூன்றாவதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் வாரச்சந்தையில் முட்டியை அடுக்கி வைத்து விற்பார்கள். இப்போது எங்கள் சந்தையில் முட்டி விற்க ஆள் இல்லை. கள் நின்றது, மரமேறுகிறவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், முட்டி வாங்க ஆள் குறைந்தது, சக்கரமும் நின்றது. ஏற ஆள் இல்லாத பனை பல செங்கல் சூளைக்கு விறகாகப் போயிற்று. பனை நம்ம மாநில மரம். அது நிற்க வேண்டுமானால் அதில் ஏறுகிறவருக்குப் பிழைப்பு வேண்டும்.

அடுத்த தடவை கருப்பட்டியோ பதநீரோ வாங்கும்போது விற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இது எந்த ஊர் மரம்ங்க, எந்தப் பாத்திரத்துல இறக்கினது?" பதில் தெரிந்தவரிடமே வாங்குங்கள்.