அருகிருப்போரின் ஊதியம்: ஆனையூர்ப் பின்புலத்தில் இ.எஸ்.ஐ. சட்டத்தின் ஓர் இடைவெளி

மதுரையின் வடமேற்கே உள்ள ஆனையூர், 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்தது. அதற்குத் தெற்கே தத்தனேரியில் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழக (இ.எஸ்.ஐ.) மருத்துவமனையும், நகரம் நன்கறிந்த மயானமும் உள்ளன. காப்பீடு பெற்ற தொழிலாளி நோயுற்றால் ஊதிய ஈடு உண்டு. இறந்தால் இறுதிச் சடங்கிற்குத் தொகை உண்டு. ஆனால், தாயோ கணவரோ இறக்கும் தறுவாயில் இருக்க, வேலைக்குச் செல்லாது உடனிருக்கும் தொழிலாளியின் ஊதிய இழப்பை இச்சட்டம் எவ்வாறு கண்டது?

பி.பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கை ஆலைத் தொழிலாளரின் நோயை மையமாகக் கொண்டது. 1948இல் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும், 1955இல் தமிழகத்தில் முதலாவதாகக் கோவையிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் 2(20)ஆம் பிரிவு, மருத்துவ சிகிச்சையும் கவனிப்பும் தேவைப்பட்டு, மருத்துவக் காரணத்தால் வேலையைத் தவிர்க்க வேண்டிய நிலையே நோய் என்றது. யாருடைய நிலை என்பதை அவ்வரையறை கூறவில்லை. அதனை 46ஆம் பிரிவே முடிவுசெய்தது: காப்பீடு பெற்றவருக்கு 'அவருடைய' நோயின்போது காலமுறைத் தொகை. இந்த ஒரு சுட்டுப்பெயரே குடும்பத்தினரின் நோயை ஊதிய ஈட்டிற்கு வெளியே நிறுத்தியது எனலாம். மருத்துவ வசதி பின்னர்க் குடும்பத்தினருக்கும் நீட்டிக்கப்பட்டது. ஊதிய ஈடு நீட்டிக்கப்படவில்லை. தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால் நீட்டித்த நோய்க்காலப் பயன் கிடைக்கும். அவர் மனைவிக்கு வந்தால் சிகிச்சை மட்டுமே கிடைக்கும். வீட்டில் கவனிக்க ஊதியமில்லாத ஒரு பெண் எப்போதும் இருப்பார் என்ற எண்ணம் இதற்குள் மறைந்திருப்பதாகக் கருத இடமுண்டு.

1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதித் திட்டம் இவ்வகையில் சற்று விரிந்தது. அதன் 68ஜே பத்தி, குடும்ப உறுப்பினரின் புற்றுநோய், பக்கவாதம், காசநோய் போன்றவற்றின் சிகிச்சைக்கும் முன்பணம் அனுமதித்தது. எனினும், அது தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு. முதுமைக்கென வைத்ததை முன்னதாக எடுத்துக்கொள்வதைச் சமூகக் காப்பீடு என்று சொல்வது பொருந்தாது.

ஆனையூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் உள்ளது. முகாமிலோ அதைச் சூழ்ந்த தெருக்களிலோ தினக்கூலிக்குச் செல்பவருக்கு இ.எஸ்.ஐ.யே எட்டாதது. அதே ஈழத்திலிருந்து டொராண்டோ சென்று, வேலைக் காப்பீட்டுச் சந்தா செலுத்திய ஒருவரின் நிலை வேறு. கனடா 2004 ஜனவரியில் பரிவுப் பராமரிப்புப் பயனைத் தொடங்கியது. இறக்கும் நிலையிலுள்ள உறவினரைக் கவனிக்க முதலில் 6 வாரங்களுக்கு வழங்கப்பட்ட இப்பயன், 2016இல் 26 வாரங்களாக உயர்ந்தது. சராசரி ஊதியத்தில் 55 விழுக்காடு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். சுவீடன் 1989லேயே இத்தகைய உதவித்தொகையை நடைமுறைப்படுத்தியிருந்தது.

இந்தியாவில் நெருங்கிய முன்மாதிரி கேரளத்தின் 'ஆஸ்வாசகிரணம்'. படுக்கையிலுள்ளோரைக் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் இத்திட்டம், கவனிப்பை ஒரு பணியாக ஏற்கிறது. ஆனால் அத்தொகை இழந்த ஊதியத்தை ஒட்டிக் கணக்கிடப்படுவதன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' வலிதணிப்புச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. செவிலியர் வந்துபோன பின் எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளியுடன் இருப்பவர் குடும்பத்தாரே.

கனடிய விதி ஒரு மருத்துவச் சான்றைக் கோருகிறது: 26 வாரங்களுக்குள் இறப்பு நேரக்கூடிய கணிசமான வாய்ப்பு உண்டு என்பதே அது. சாவு நெருங்கியதை நோயாளியின் காதுபடச் சொல்லத் தயங்கும் வீடுகளில் இத்தகைய சான்று எளிதில் கேட்டுப் பெறக்கூடியதன்று. வீட்டு வலிதணிப்புச் சிகிச்சைப் பதிவேட்டில் நோயாளியின் பெயர் இருப்பதையே போதிய ஆதாரமாகக் கொண்டால் இச்சங்கடம் நீங்கும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, 1948இன் அதே 'அவருடைய நோய்' என்ற வரம்பையே தக்கவைத்துக்கொண்டது.